ஏர்லி மார்னிங் பைப் 'லேசு'ன்னு சொன்ன மகராசன் யாரு?

நாக்குசுட்டான்:
டன்ஹில் கம்பெனியோட பைப் புகையிலைக் கலவை ஒண்ணைப் பத்தி போன வாரம் கடலோடி சார் எழுதினாரு: "ஏர்லி மார்னிங் பைப் பச்சைப்புள்ள மாதிரி. வெறும் வயித்துல பிடிச்சாலும் நாக்கைத் தொடாது." அதை நம்பி, லண்டன்லேர்ந்து வந்த மாமா பையன்கிட்ட 50 கிராம் டின் ஒண்ணு சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்தா எங்க ஆச்சி வீட்டு அடுப்படிப் பரண் வாசம். அது கலவையில இருக்கிற லட்டாக்கியா, மூட்டம் போட்ட புகையிலை, தெரியும், அதுல குறை இல்ல. ஆனா பாதி பைப் போறதுக்குள்ள நாக்கு நுனி வெந்துபோச்சு. ராத்திரி ரசஞ்சோறு தொண்டைல இறங்கல. இதுக்குப் பேர்தான் லேசா?

கடலோடி:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. பிடிக்கிறதுக்கு முன்னாடி புகையிலையை எத்தனை நிமிஷம் காயவெச்சீங்க?

நாக்குசுட்டான்:
20 நிமிஷம். பேப்பர்ல பரப்பி.

கடலோடி:
20 நிமிஷம்! சென்னையில! ஐப்பசி மாசத்துல! என் பனியன் மூணு நாளா கொடியில தொங்குது, இன்னும் காயல. ஈரப் புகையிலையில ஆவிதான் வரும். இட்லியை வேகவெக்கிறது எதுவோ அதேதான் உங்க நாக்கையும் வேகவெச்சிருக்கு. கலவையைக் குத்தம் சொல்லாதீங்க.

வெர்ஜீனியாக்காரன்:
ஆவி மட்டும் இல்ல சார். அதுல வெர்ஜீனியா இருக்கு. சர்க்கரை அதிகமுள்ள இலை, அவசரப்பட்டு இழுத்தா சூடேறிக் கடிக்கும். அது கிடக்கட்டும், லேசுன்னா என்ன? நிகோட்டின் கம்மியா? வாசனை கம்மியா? நாக்கு எரியாதா? லட்டாக்கியா மூக்கைத் துளைக்கும், ஆனா தலை சுத்தாது. பர்லி இலை சாதுவா இருக்கும், ரெண்டாவது பைப்ல ஆளை உக்காரவெச்சிடும். எந்த லேசைச் சொல்றோம்னு முதல்ல முடிவு பண்ணுவோமே.

கடலோடி:
அர்த்தம் வேணும்னா அகராதியைப் பாருங்க. 20 நிமிஷம் பத்தாது. நான் இதை பெல்ஃபாஸ்ட்ல மரே கம்பெனி போட்ட காலத்துலேர்ந்து பிடிக்கிறேன். ரெண்டு விரலால ஒரு கிள்ளு எடுத்து அழுத்தி விட்டா, தானா பிரிஞ்சு உதிரணும். உருண்டையா ஒட்டிக்கிட்டு நின்னா எடுத்து வெச்சுட்டு வேற வேலையைப் பாருங்க. தம்பி இதைச் செஞ்சாரான்னு கேளுங்க.

நாக்குசுட்டான்:
செஞ்சேன். உதிர்ந்துச்சு.

கடலோடி:
உதிர்ந்திருக்காது.

நாக்குசுட்டான்:
என் வீட்டுக்குள்ள வந்து பாத்தீங்களா சார்?

மரப்பைப்:
ஒரு சந்தேகம். கடலோடி சார் பிடிக்கிறது பழைய டன்ஹில் டின். 2018ல அந்தப் பேர்ல நிறுத்திட்டாங்க. தம்பி வாங்கினது அதுக்கப்புறம் பீட்டர்சன் கம்பெனி பேர்ல வந்தது. நீங்க ரெண்டு பேரும் ஒரே சரக்கைப் பத்தித்தான் பேசுறீங்களா?

கடலோடி:
பேர்தான் மாறிச்சு, சரக்கு அதேதான். கடைசி வருஷங்கள்ல டன்ஹில் டின்னே டென்மார்க்லேர்ந்துதான் வந்துச்சு. ஆனா என் பெல்ஃபாஸ்ட் டின் பக்கத்துல இது எதுவும் நிக்காது.

மரப்பைப்:
அதே சரக்குன்னா ஏன் பக்கத்துல நிக்காது?

கடலோடி:
ஏன்னா நான் காயவெச்சுப் பிடிக்கிறேன்.

அச்சுவேலியான்:
அண்ணையவை, லட்டாக்கியா லட்டாக்கியா எண்டு ஏதோ தேவலோகச் சாமான் மாதிரிக் கதைக்கிறியள். எங்கட அப்பு புகையிலைத் தோட்டம் செய்தவர். குடிலுக்குள்ள இலையைத் தூக்கி, கீழ தேங்காய்ப் பொச்சும் பனங்கொட்டை ஊமலும் போட்டுப் புகை பிடிப்பினம். அந்த வாசம் ஒரு கிழமைக்கு உடுப்பை விட்டுப் போகாது. ரெண்டும் புகை போட்ட புகையிலைதானே, உங்கட டின்னுக்கு மட்டும் ஏன் கொம்பு?

கடலோடி:
தேங்காய் மட்டையும் மாஸ்டிக் செடியும் ஒண்ணா ஐயா? சைப்ரஸ்ல மாஸ்டிக், மிர்ட்டில், பைன் போட்டு மூட்டம் போடுவாங்க. உங்களுது வெத்தலையோட மெல்றது. பைப்ல போட்டா தீயணைப்பு வண்டிதான் வரும்.

அச்சுவேலியான்:
மெல்லுறதெண்டா இளக்காரமோ? உதைத் தலைச்சுமையாக் கொண்டுபோய் வித்துத்தான் எங்கட ஆக்கள் பிள்ளையளைப் படிப்பிச்சவை. உங்களுக்குக் கப்பலில சும்மா கிடைச்ச டின்.

திண்டுக்கல்:
புகையிலைப் பேச்சுல எங்க ஊரை ஒருத்தரும் சொல்லலையே?

கடலோடி:
இது பைப். சுருட்டுக்கு வேற இழை ஆரம்பிங்க.

வெர்ஜீனியாக்காரன்:
சைப்ரஸ் இருக்கட்டும். லட்டாக்கியாங்கிற பேரே சிரியா துறைமுகத்தோட பேர். அங்க காட்டை வெட்டி மூட்டம் போட்டே தீர்த்ததுல சிரியா லட்டாக்கியா அத்துப்போச்சு. இப்ப கிடைக்கிறது பெரும்பாலும் சைப்ரஸ் வகைதான். அதனால எது அசல்ங்கிற பேச்சை விட்டுடலாம்.

கடலோடி:
எனக்கா சொல்றீங்க? அந்தத் துறைமுகத்துல நான் கால் வெச்சிருக்கேன்.

மரப்பைப்:
போன வருஷம் பெய்ரூட்னு எழுதினீங்களே சார்?

கடலோடி:
ரெண்டுலயும் வெச்சிருக்கேன். எனக்கு ரெண்டு கால்.

பல்டாக்டர்:
குறுக்கே வரேன், மன்னிக்கணும். நாக்கு நுனி, உதடு, கன்னத்தோட உள்பக்கம், இங்கதான் நான் புண்ணைப் பாக்குறேன். பைப் புகையை உள்ள இழுக்காட்டியும் வாய்ப் புத்துநோய் வரும். அதுக்கு லேசு, கனம் எல்லாம் தெரியாது. ரெண்டு வாரம் ஆறாத புண் இருந்தா வந்து காட்டுங்க.

கடலோடி:
டாக்டர், உங்க கடமை முடிஞ்சுது, நன்றி. தம்பி, 20 நிமிஷத்துக்கு வாங்க.

நாக்குசுட்டான்:
வந்துட்டேன். நேத்து முழுசா ஒரு மணி நேரம் காயவெச்சேன். நீங்க சொன்ன மாதிரியே அடியில பட்டும் படாம, மேல வர வர கொஞ்சம் அழுத்தி அடைச்சேன். முதல் தீ வெச்சு, கருகின மேல்பக்கத்தை டாம்பரால அமுக்கி, மறுபடி பத்தவெச்சேன். நிமிஷத்துக்கு ரெண்டு இழுப்பு, அதுக்கு மேல இல்ல. கால்வாசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, காஞ்ச திராட்சை மாதிரி ஒரு இனிப்பு. அப்புறம் அடியில ஹூக்கா மாதிரி குளகுளன்னு சத்தம். நாக்கு மறுபடி எரிஞ்சுது.

மரப்பைப்:
அது பைப் கோளாறு. துளை சரியில்லாம அடியில தண்ணி தங்குது. எங்க வாங்கினீங்க?

நாக்குசுட்டான்:
கடலோடி சார்கிட்டதான். தீபாவளிக்கு முன்னாடி, "கைபடாதது"ன்னு சொல்லி வித்தாரு. உள்ள ஒரு இஞ்ச் கரி இருந்துச்சு.

கடலோடி:
அது கரி இல்ல, கேக், பைப் உள்சுவத்துல படியுற பூச்சு. நான் வருஷக்கணக்கா பிடிச்சு ஏத்தினது. அதுக்குத் தனியா காசு வாங்கியிருக்கணும்.

வெர்ஜீனியாக்காரன்:
அப்ப கைபடாததுன்னு சொன்னது?

கடலோடி:
வேற ஆள் கை படலன்னு அர்த்தம். பேச்சை மாத்தாதீங்க. ஒரு மணி நேரம்னு சொன்னாரே, ஃபேன் போட்டா, போடாமலா?

நாக்குசுட்டான்:
போட்டுத்தான்.

கடலோடி:
அதான பாத்தேன். ஃபேன்ல மேல் இலை மட்டும்தான் காயும். அடி இலை?

நாக்குசுட்டான்:
புரட்டிவிட்டேன் சார்.

கடலோடி:
எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை?