நாடோடி மன்னன் கருப்பு வெள்ளைப் படமாம்!

மூனாம் டிவிஷன்:
நேற்று நம் மலேசிய சுங்கை சிப்புட் ஊர்க் குழுவில் செம்பனைத் தம்பி தனக்குப் பிடித்த படங்களை எழுதியிருந்தார். காதலிக்க நேரமில்லை, முள்ளும் மலரும், நாயகன், நம் மலேசியத் தமிழ்ப் படம் ஜகாட். நல்ல படங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரியைப் படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. 'நாடோடி மன்னன் மாதிரி கருப்பு வெள்ளைப் படங்களை உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை' என்கிறார். தம்பி, அந்தப் படத்தைப் பார்த்தீங்களா? 1958-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய படம். பானுமதியின் பாத்திரம் முடிந்து சரோஜாதேவி வந்த பிறகு படம் கலருக்கு மாறும். கேவா கலர் என்கிற கலர் பிலிம். தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம்.

செம்பனைத் தம்பி:
பார்த்தேன் அண்ணே. ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். அதுவரைக்கும் ஒரு சிவப்பு, ஒரு பச்சை கண்ணில் படவில்லை. பாதிக்கு மேல் கருப்பு வெள்ளையில் ஓடினால் அது கருப்பு வெள்ளைப் படம்தானே?

மூனாம் டிவிஷன்:
அப்படியென்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்க. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம் அது. பாதியில் எழுந்து போனவர் மீதியைப் பற்றி எப்படி எழுதலாம்? நான் கேட்பது ஒன்றுதான். படத்தில் கலர் இருக்கா, இல்லையா?

கிராணி வீட்டு மருமகள்:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கணும். தமிழில் முதல் முழுநீளக் கலர் படம் அலிபாபாவும் 40 திருடர்களும். 1956, மாடர்ன் தியேட்டர்ஸ். அதிலும் எம்.ஜி.ஆர்.தான், பானுமதிதான். அது வந்து இரண்டு வருஷம் கழித்தும் நாடோடி மன்னனை முழுசாகக் கலரில் எடுக்கவில்லையே. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மூனாம் டிவிஷன்:
அம்மா, அலிபாபாவைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. நாடோடி மன்னன் அவர் சொந்தக் கம்பெனிப் படம். எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ். தன் காசைப் போட்டு, இரட்டை வேஷம் கட்டி, இயக்கவும் செய்தார். அந்தச் செலவில் கலரும் சேர்த்தாரே, அதைப் பாருங்க. எங்கள் ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். முன்னால் நாங்கள், பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்த கிழவிகள். துணியெல்லாம் ஈசல். கலர் வந்தது பாருங்க, தூங்கிக்கொண்டிருந்த என் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "அடியாத்தி, துணியை மாத்திட்டானா?" என்றாள். காலை நாலு மணிக்கு எழுந்து பால் வெட்டப் போகணும், ஆனாலும் ஒருத்தரும் லயத்து வீட்டுக்குத் திரும்பவில்லை. அதைப் போய்க் கருப்பு வெள்ளை என்றால் எனக்குக் கோபம் வராதா?

பழைய மணி:
கலர் கலர் என்று ஏன் இந்தக் கூத்து? கலர் என்றால் வீரபாண்டிய கட்டபொம்மன். 1959. முதல் காட்சியிலிருந்து தூக்குமேடை வரைக்கும் கலர். பாதியில் பெயின்ட் வாங்கிக்கொண்டு வரவில்லை.

மூனாம் டிவிஷன்:
வந்துவிட்டார் சிவாஜி கட்சி. மணி, பராசக்தி கருப்பு வெள்ளைதானே? 1952. அதன் நீதிமன்ற வசனத்தை ஒவ்வொரு கல்யாணத்திலும் மைக் பிடித்துப் பேசுவது யார்? நாங்கள் வாயைத் திறந்தோமா?

பழைய மணி:
பேசச் சொல்லிக் கேட்கிறார்கள், பேசுகிறேன். உங்களை யாரும் கேட்பதில்லை, அந்த வயிற்றெரிச்சல்.

செம்பனைத் தம்பி:
அண்ணே, நான் சொல்ல வந்ததே வேறு. கருப்பு வெள்ளை மட்டம் என்று எங்கே சொன்னேன்? அவள் அப்படித்தான் 1978-ல் வந்த கருப்பு வெள்ளைப் படம். என் உயிர். அந்த நாள் 1954-ல் வந்தது, ஒரு பாட்டு கிடையாது, கொலை செய்தது யார் என்று கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும். அதை இரண்டு தடவை பார்த்தேன். எனக்கு ஒத்துவராதது ராஜா ராணி, வாள் சண்டை.

மூனாம் டிவிஷன்:
அப்படியென்றால் வாள் சண்டை பிடிக்காது என்று எழுதியிருக்கணும். கருப்பு வெள்ளை என்று எழுதியது யார் கை? உங்கள் கைதானே? பிற்பகுதியில் கலர் இருக்கிறது. இருக்கிறதா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்க.

செம்பனைத் தம்பி:
முற்பகுதி கருப்பு வெள்ளை. அதுவும் ஒரு வார்த்தைதான்.

மூனாம் டிவிஷன்:
இரண்டு வார்த்தை.

கிராணி வீட்டு மருமகள்:
சரி, இதை விடுங்க. தம்பி ஜகாட்டைச் சேர்த்துவிட்டுக் கபாலியை ஏன் விட்டார்? தோட்டத்தில் கூலிக்காகக் குரல் கொடுக்கிற ஆளை ரஜினி நடித்து உலகமே பார்த்தது. அது நம் கதை இல்லையா?

செம்பனைத் தம்பி:
அக்கா, கபாலியில் தோட்டம் பழைய கதையாக வந்து போகிறது. ஜகாட்டில் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் புறம்போக்கில் குடிசை போட்ட பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் படமே. அந்தப் பையன் அப்போயைப் பார்த்தால் என்கூடப் படித்த நாலு பேர் முகம் தெரிகிறது. அதை எடுத்த இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள் நம் நாட்டிலேயே வளர்ந்தவர். 2016-ல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் விருது அதற்குத்தான். நம் ஊர்ப் பேச்சு, நம் ஊர் வசவு. அதை விட்டுவிட்டு மெட்ராஸிலிருந்து யாராவது வந்து நம் கதையைச் சொல்லணும் என்று ஏன் காத்திருக்கணும்?

கிராணி வீட்டு மருமகள்:
ரஜினி வந்ததால்தான் மற்றவர்கள் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜகாட்டுக்கு ஈப்போ தியேட்டரில் நான் போனபோது முன்வரிசை முழுக்கக் காலி.

செம்பனைத் தம்பி:
காலி என்றால் யார் குற்றம்? போகாதவர்கள் குற்றம்.

மூனாம் டிவிஷன்:
ஜகாட் நல்ல படம், நானும் பார்த்தேன், கண் கலங்கியது. ஆனால் பேச்சை மாற்றாதீங்க. அப்போய் வந்ததால் நாடோடி மன்னன் கருப்பு வெள்ளை ஆகிவிடாது. இந்த வருஷத் திருவிழாவில் கோயில் மண்டபத்தில் அதைத்தான் போடச் சொல்லப் போகிறேன். தம்பி முன்வரிசையில் உட்காரணும். பாதியில் எழுந்து போகக் கூடாது.

பழைய மணி:
திருவிழாவில் என்ன படம் என்று கமிட்டிதான் முடிவு செய்யும். போன வருஷமே கட்டபொம்மன் என்று பேசி வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் மாற்றியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

மூனாம் டிவிஷன்:
மாற்றியது கமிட்டி. நீங்கள் கொண்டுவந்த சீடி பாதியில் நின்றுபோச்சு. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

பழைய மணி:
சீடி நன்றாகத்தான் இருந்தது. உங்கள் மருமகன் கொண்டுவந்த புரொஜெக்டர்தான் சூடாகி நின்றது. வாடகை 80 வெள்ளி என் கையிலிருந்து போனது, அது இன்னும் வரவில்லை.

மூனாம் டிவிஷன்:
வாடகைக் கணக்கைக் கமிட்டியிடம் கேளுங்க. தம்பி, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

செம்பனைத் தம்பி:
சொல்லியாச்சு அண்ணே. மேலே போய்ப் படிங்க.

பழைய மணி:
கமிட்டியிடம் இரண்டு தடவை கேட்டேன். உங்கள் மருமகனிடம் கேட்கச் சொல்கிறார்கள்.