வாட்டர்ஃபாலில் கோடு கோடாக விழுகிறது, ஒன்றுகூட டீகோட் ஆகவில்லை. உதவுங்கள்

யீஷூன்_அலை · திங்கள் இரவு 9.48

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை வருடமும் ஹாம் ரேடியோவில் எனக்கு மைக் மட்டும்தான். ஐந்து வாட்டை வைத்துக்கொண்டு பினாங்கு, சுராபாயா, நல்ல நாளில் சென்னை வரை பேசியிருக்கிறேன். இப்போதெல்லாம் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பிப் பேச ஆள் இல்லை. கூட இருந்தவர்கள் எல்லாரும் எஃப்டி8 பக்கம், அதாவது கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறைக்குப் போய்விட்டார்கள். சரி, நாமும் போவோம் என்று சனிக்கிழமை மென்பொருளை இறக்கினேன். சிக்னல்களைக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் மஞ்சள் கோடுகள் அழகாக விழுகின்றன. ஸ்பீக்கரிலும் அந்தக் குழலோசை நன்றாகக் கேட்கிறது. இடப்பக்கப் பெட்டியில் மட்டும் ஓர் எழுத்துகூட வரவில்லை. மூன்று இரவு போய்விட்டது. எல்லாம் சரியாகத்தான் செட் செய்திருக்கிறேன். என்னவாக இருக்கும்? கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது, இந்த நேரத்தில்தான் பேண்ட் (அலைவரிசை) திறந்திருக்கிறது.

தேக்கா_தம்பி · திங்கள் இரவு 9.55

என்ன ரிக் (ரேடியோப் பெட்டி)? என்ன ஆன்டெனா? எந்த பேண்ட்? விண்டோஸா மேக்கா? கணினிக்கு ஒலி எந்த வழியாகப் போகிறது? எல்லாம் சரியாக இருந்தால் இங்கே வந்திருக்க மாட்டீர்களே அண்ணே.

யூடிசி_ரவி · திங்கள் இரவு 9.57

கடிகாரம். வேறு எதையும் தொடாதீர்கள். எஃப்டி8இல் 15 வினாடிக்கு ஒரு முறை அனுப்புவது, அதில் 12.64 வினாடி ஒலி. உங்கள் கணினி இரண்டு வினாடிக்கு மேல் தள்ளி ஓடினால் கோடு தெரியும், எழுத்து வராது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான்.

வால்வு_தாத்தா · திங்கள் இரவு 10.10

கையேடு என்று ஒன்று அந்த மென்பொருளோடு சும்மா கிடைக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் மூன்று இரவு கோடு பார்த்தேன் என்பவருக்கு என்ன சொல்வது? நாங்கள் ரிக்கையே ஈயம் வைத்துக் கட்டிப் பழகியவர்கள். இப்போது மௌஸைச் சொடுக்கத் தெரிந்தால் ஹாம்.

ஏர்கான்_எதிரி · திங்கள் இரவு 10.16

இரைச்சல்தான். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? இன்வெர்ட்டர் ஏர்கான், மின்தூக்கி மோட்டார், மலிவு எல்இடி விளக்கு, எல்லாம் சேர்ந்து 40 மீட்டர் பேண்டில் சிக்னல் மீட்டரில் எஸ்7க்குக் குறையாமல் சீறும். நீங்கள் பார்க்கும் கோடு எஃப்டி8 கோடுதானா? வீட்டு மெயினை அணைத்துவிட்டு ரிக்கை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எனக்குப் பக்கத்து வீட்டு மீன்தொட்டி விளக்கு காரணம் என்று கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது.

யீஷூன்_அலை · திங்கள் இரவு 10.24

எல்லாருக்கும் நன்றி. ரிக் யாயெசு எஃப்டி-817. ஆன்டெனா எண்ட்-ஃபெட் கம்பி (ஒரு முனையில் மட்டும் இணைப்பது), 11ஆவது மாடி, துணி காயப்போடும் கழியில் கட்டி வெளியே நீட்டியிருக்கிறேன். 40 மீட்டர். விண்டோஸ். நேரம் கைபேசியோடு ஒத்துப்போகிறது.

தேக்கா_தம்பி · திங்கள் இரவு 10.26

அண்ணே, கேட் கேபிள் (ரிக்கைக் கணினி கட்டுப்படுத்தும் இணைப்பு) இருக்கா? யூஎஸ்பி தானே?

யீஷூன்_அலை · திங்கள் இரவு 10.29

ஆமாம், யூஎஸ்பிதான். கேட் கேபிள் இல்லை.

தேக்கா_தம்பி · திங்கள் இரவு 10.30

சரி, அப்படியென்றால் அது பிரச்சினை இல்லை.

யூடிசி_ரவி · திங்கள் இரவு 10.33

கைபேசியைப் பக்கத்தில் வைத்து "ஒத்துப்போகிறது" என்றால் போதாது. நிமிடம் ஒத்துப்போகும், வினாடி ஒத்துப்போகாது. நேரம் காட்டும் இணையப் பக்கம் எதையாவது திறந்து வித்தியாசத்தை வினாடியில் சொல்லுங்கள்.

யீஷூன்_அலை · திங்கள் இரவு 10.41

0.1 வினாடி.

யூடிசி_ரவி · திங்கள் இரவு 10.43

அப்போது சரியாக இருந்திருக்கும். டீகோட் நேரத்தில் தள்ளியிருக்கலாம்.

ஏர்கான்_எதிரி · திங்கள் இரவு 10.44

ரவி, விட்டுவிடுங்கள்.

வால்வு_தாத்தா · திங்கள் இரவு 11.02

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது டீகோட் ஆனால்தான் என்ன வந்துவிடப் போகிறது? அழைப்புக்குறி, நான்கெழுத்து இடக்குறி, சிக்னல் பலத்துக்கு ஒரு டெசிபல் எண், வாழ்த்துக்கு 73, முடிந்தது. இரண்டு கணினிகள் கைகுலுக்குகின்றன, அதை இரண்டு மனிதர்கள் கோப்பி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். நான் ஐந்து வாட்டில் ஆஸ்திரேலியாவில் ஒருவரோடு முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் வீட்டுக் கோழி முட்டையிட்டதுவரை எனக்குத் தெரியும். உங்கள் மென்பொருள் கோழியைப் பற்றிச் சொல்லுமா?

தேக்கா_தம்பி · திங்கள் இரவு 11.09

தாத்தா, உங்களுக்குத் தரை வீடு, தோட்டம், கோபுரம். எனக்கு ஒரு ஜன்னல். இரைச்சல் எஸ்7 இருக்கும்போது எதிரில் இருப்பவர் எஸ்5இல் பேசினால் கோழியாவது முட்டையாவது, ஒன்றும் காதில் விழாது. எஃப்டி8, 2500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலோடு ஒப்பிட்டால் 20 டெசிபல் கீழே கிடப்பதையும் தோண்டி எடுக்கிறது. அதாவது இரைச்சலில் நூறில் ஒரு பங்கு. ஐந்து வாட்காரர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது.

வால்வு_தாத்தா · திங்கள் இரவு 11.15

தோண்டி எடுப்பது நீங்கள் இல்லையே, கணினிதானே.

கிழக்குக்கரை · திங்கள் இரவு 11.21

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. ஜன்னலை விட்டு வெளியே வாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் உப்புத் தண்ணீருக்குப் பத்தடி தள்ளி ஒரு செங்குத்துக் கம்பி நட்டால், அதே ஐந்து வாட் வேறு ஐந்து வாட் ஆகிவிடும். பேண்ட் நன்றாக இருக்கும் மாலையில் 10 மீட்டரில் குரலிலேயே ஜப்பான் கிடைக்கும். ஏர்கானும் கிடையாது, மீன்தொட்டியும் கிடையாது. கொசு மட்டும் உண்டு. மணல் பூச்சியும்.

தேக்கா_தம்பி · திங்கள் இரவு 11.26

திங்கட்கிழமை இரவு பதினொன்றரைக்கா கடற்கரை? நாளைக்கு வேலை இருக்கு அண்ணே. தாத்தாவுக்குக் கோழிக்கதைதான் வேண்டும் என்றால் ஜேஎஸ்8கால் இருக்கிறது. எஃப்டி8இன் அடித்தளம்தான், ஆனால் விசைப்பலகையில் இஷ்டத்துக்கு எழுதலாம்.

வால்வு_தாத்தா · திங்கள் இரவு 11.31

எழுதுவதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது.

மோர்ஸ்_மீனா · செவ்வாய் காலை 6.50

இரவு தூங்கிவிட்டேன், இப்போதுதான் படிக்கிறேன். கோழியை ஒதுக்கிவிட்டுக் கேட்டவருக்கு வருவோம்.

யீஷூன் அண்ணா, கேட் கேபிள் இல்லை என்றால் உங்கள் ரிக் எங்கே நிற்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. திரையில் 7.074 மெகாஹெர்ட்ஸ் என்று இருப்பது நீங்கள் பட்டியலில் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். அதனால் திரையைப் பார்க்காதீர்கள். ரிக்கின் முகப்பில் டயல் என்ன எண் காட்டுகிறது? பக்கத்தில் என்ன மூன்றெழுத்து இருக்கிறது? இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

யீஷூன்_அலை · செவ்வாய் மாலை 7.38

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். டயல் 7.077. 74இல் வைத்தால் ஒன்றுமே விழவில்லை, கொஞ்சம் மேலே திருப்பியதும் கோடுகள் நிறைய வந்தன, அங்கேயே விட்டுவிட்டேன். எல்எஸ்பி.

தேக்கா_தம்பி · செவ்வாய் மாலை 7.40

எல்எஸ்பியா!! நேற்று யூஎஸ்பி என்றீர்களே அண்ணே!

யீஷூன்_அலை · செவ்வாய் மாலை 7.43

அது சவுண்ட் கார்டு தம்பி. சிம் லிம் டவரில் வாங்கியது. யூஎஸ்பி சவுண்ட் கார்டு. நீங்கள் அதைத்தானே கேட்டீர்கள்? 40 மீட்டரில் எல்எஸ்பிதானே எப்போதும்.

ஏர்கான்_எதிரி · செவ்வாய் மாலை 7.45

அடடா.

மோர்ஸ்_மீனா · செவ்வாய் மாலை 7.58

பிடிபட்டது. இதில் உங்கள் மேல் தப்பு பாதிதான். குரலுக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி (கீழ் பக்கப்பட்டை), மேலே யூஎஸ்பி என்று கை பழகிவிட்டது. எஃப்டி8க்கு அந்தக் கணக்கு கிடையாது. எந்த பேண்டாக இருந்தாலும் மேல் பக்கப்பட்டைதான், யூஎஸ்பி.

ஏன் கண்ணுக்கும் காதுக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்தது என்றால், எஃப்டி8 கூட்டம் 7.074க்கும் 7.077க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. யூஎஸ்பியில் 74இல் நின்றால் அவர்களைக் கீழிருந்து மேலே பார்ப்பீர்கள். நீங்கள் எல்எஸ்பியில் 77இல் நின்று மேலிருந்து கீழே பார்த்திருக்கிறீர்கள். 7.0755இல் இருப்பவர் எனக்கும் 1500 ஹெர்ட்ஸில் தெரிவார், உங்களுக்கும் 1500 ஹெர்ட்ஸில்தான் தெரிவார். படம் கிட்டத்தட்ட ஒன்றுதான், தலைகீழ்.

இதுவே குரலாக இருந்திருந்தால் முதல் வினாடியிலேயே பிடித்திருப்பீர்கள். தப்பான பக்கத்தில் கேட்டால் மனிதக் குரல் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும், கை தானாக மோடு பொத்தானுக்குப் போகும். எஃப்டி8 எந்தப் பக்கம் கேட்டாலும் அதே குழலோசை. உங்கள் காதின் அனுபவம் இதில் உதவாது.

மென்பொருளுக்கு மட்டும் அது வேறு. எட்டு சுரம், ஒவ்வொன்றுக்கும் 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி. தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் 3, 1, 4, 0, 6, 5, 2 என்று ஒரு வரிசை வரும். அதைக் கண்டால்தான் "இது நம்ம ஆள்" என்று மேற்கொண்டு படிக்கும். உங்களிடம் ஆரோகணம் அவரோகணமாகி 3, 5, 2, 6, 0, 1, 4 என்று வந்திருக்கும். அது யாரோ என்று விட்டுவிட்டது.

யூஎஸ்பியில் 7.074இல் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள்.

யூடிசி_ரவி · செவ்வாய் மாலை 8.04

கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

யீஷூன்_அலை · செவ்வாய் மாலை 8.06

ஐயோ. நேற்று இரவு நான் சிக்யூ (பொது அழைப்பு) கூடப் போட்டேன். பத்து நிமிடம்.

வால்வு_தாத்தா · செவ்வாய் மாலை 8.12

பத்து நிமிடம் உலகத்தையே தலைகீழாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, ஐந்து வாட்தானே. கீழ் பேண்டுகளில் எல்எஸ்பி ஏன் வந்தது என்றாவது யாருக்காவது தெரியுமா? பழைய ரிக்குகளில் ஒற்றைப் பக்கப்பட்டை சிக்னலை 9 மெகாஹெர்ட்ஸில் தயாரித்து 5 மெகாஹெர்ட்ஸ் விஎஃப்ஓவோடு (டயலைத் திருப்பினால் மாறும் ஆஸிலேட்டர்) கலப்பார்கள். கூட்டினால் 14, கழித்தால் 4. கழிக்கும்போது பட்டை புரண்டுவிடும். இதெல்லாம் இப்போது யார் படிக்கிறார்கள்?

மோர்ஸ்_மீனா · செவ்வாய் மாலை 8.20

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கில் புரளாது. 9இல் இருக்கும் பட்டையிலிருந்து 5ஐக் கழித்தால் மேல் மேலாகவே இருக்கும். பட்டை 5இல் இருந்து, 9இலிருந்து அதைக் கழித்தால்தான் புரளும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

வால்வு_தாத்தா · செவ்வாய் மாலை 8.24

நான் அந்த ரிக்கைக் கட்டியவன் அம்மா.

மோர்ஸ்_மீனா · செவ்வாய் மாலை 8.26

கட்டினாலும் கழித்தல் கழித்தல்தானே ஐயா.

கிழக்குக்கரை · செவ்வாய் மாலை 8.31

தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கடற்கரைக்கு வாருங்கள், அங்கே தீர்த்துக்கொள்ளலாம். கோப்பி என் செலவு.

வால்வு_தாத்தா · செவ்வாய் இரவு 9.17

தாளில் போட்டேன். மீனா சொல்வது இந்த ஓர் இடத்தில் சரி. ஆனால் என் ரிக்கில் எது 5, எது 9 என்பதை இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

யீஷூன்_அலை · செவ்வாய் இரவு 9.22

வந்துவிட்டது!! ஒரே 15 வினாடி ஸ்லாட்டில் 19 வரி. இந்தோனேசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா. ஒரு ஜப்பான்காரர் எனக்கு -14 டெசிபல் கொடுத்தார். மீனாவுக்கும் தம்பிக்கும் நன்றி.

மோர்ஸ்_மீனா · செவ்வாய் இரவு 9.25

வாழ்த்துகள் அண்ணா. இரண்டு விஷயம். பவரை இரண்டரை வாட்டுக்கு இறக்குங்கள். பேசும்போது ரிக்குக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். இதில் 12 வினாடியும் முழு வாட்டில் நிற்கும், 817 அடுப்பு மாதிரி சுடும். கேட் இல்லை என்றால் வாக்ஸில்தானே (ஒலி வந்ததும் ரிக் தானாக அனுப்பும் முறை) அனுப்புகிறீர்கள்? விண்டோஸின் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சல் வரும்போது அடிக்கிற மணியும் காற்றில் போகும்.

தேக்கா_தம்பி · செவ்வாய் இரவு 9.27

அண்ணே, அந்த -14க்கு எத்தனை வாட்? இன்றும் அதே கழிதானா?

தேக்கா_தம்பி · புதன் மாலை 6.15

அண்ணே?

யீஷூன்_அலை · புதன் இரவு 10.50

ஐந்து வாட். அதே கழி. வீட்டில் துணி காயப்போட அதைக் கேட்கிறார்கள், கம்பியை இறக்கிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன், மைக்கும் எடுத்து வருகிறேன்.