எகேயா நாட்கள்: யார் வீட்டில் தங்கினீர்கள், எந்த மண்ணைப் பார்த்தீர்கள்?

பரங்கிமலைக்காரன்:

ஐரோப்பாவில் புவியியல் படித்த, படிக்கிற நம் ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். எகேயா வழியாக எங்காவது போய்த் தங்கியிருந்தால் உங்கள் கதையைச் சொல்லுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

கேள்விப்படாதவர்களுக்காக: எகேயா என்பது ஐரோப்பாவின் புவியியல் மாணவர்களும் இளம் புவியியலாளர்களும் தாங்களே நடத்திக்கொள்ளும் சங்கம். 1980களின் பிற்பகுதியில், பெர்லின் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்த காலத்தில், நெதர்லாந்தின் யூட்ரெக்ட், வார்சா, பார்சலோனா மாணவர்கள் கூடி ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வார்சாவும் அதில் சேர்ந்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மேற்கு, கிழக்கு, வடக்கு-பால்டிக், மத்தியதரைக்கடல் என நாலு வட்டாரங்கள். வருடத்துக்கு ஒரு பெரிய மாநாடு, வட்டார மாநாடுகள் தனி. மாநாட்டில் ஒரு ராத்திரி அவரவர் ஊர்த் தின்பண்டங்களை மேசையில் பரப்பி வைப்பார்கள். நான் கொண்டுபோன அதிரசம் பத்து நிமிடத்தில் காலி.

ஆனால் எனக்குப் பிடித்தது பரிமாற்றம். ஓர் ஊர்க் கிளை இன்னோர் ஊருக்குப் போய் ஒரு வாரம் அவர்கள் வீட்டிலேயே தங்கும். பிறகு அவர்கள் நம் ஊருக்கு வருவார்கள். ஓட்டல் கிடையாது, தரையில் தூக்கப்பைதான். ஊரைச் சுற்றிக் காட்டுவதும் அந்த மாணவர்கள்தான்.

யூட்ரெக்ட்டில் முதுகலை இரண்டாம் வருடம், பிப்ரவரியில், நாங்கள் ஒன்பது பேர் எஸ்தோனியாவின் தார்த்துவுக்குப் போனோம். நடுவில் விமானம் மாறிய இடத்தில் என் பெட்டி நின்றுவிட்டது. மூன்று நாள் வரவில்லை. வெளியே மைனஸ் 14. எனக்கு இடம் கொடுத்தவன் மூன்றாம் வருட மாணவன். ஒரு வார்த்தை கேட்காமல் அலமாரியைத் திறந்து, அவன் பாட்டி பின்னிய கம்பளிக் காலுறையையும் கையுறையையும் எடுத்து என் மடியில் வைத்தான். சாம்பல் நிறத்தில் சிவப்புக் கோடு போட்டவை. அந்தக் காலுறை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க அவன் விடவில்லை.

மறுநாள் காலை எங்களைத் தோமெமாகி என்ற குன்றுக்குக் கூட்டிப்போனான். பெயரைக் கேட்டதும் நம் தோமையார் மலை போலிருக்கிறதே என்று சொன்னேன். இல்லை, தோம் என்றால் பேராலயம் என்றான். மேலே செங்கல் பேராலயம் ஒன்று இடிந்து நிற்கிறது. கொஞ்சம் தள்ளி 1810-இல் கட்டி முடித்த பழைய வானாய்வகம். அதன் முன்னால் போய் மண்டியிட்டு, கையுறையால் பனியைத் தள்ளித் தள்ளி, கீழே இருந்த அடையாளத்தைக் காட்டினான்.

"எங்கள் கோடு இங்கேதான் ஆரம்பம்."

பூமியின் வடிவத்தையும் அளவையும் சரியாகத் தெரிந்துகொள்ள ஸ்ட்ரூவே என்ற வானியலாளர் 1816 முதல் 1855 வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போன கோடு அது. நார்வேயின் ஹாமர்ஃபெஸ்ட்டிலிருந்து கருங்கடல் பக்கம் வரை 2,820 கி.மீ. இன்றைய கணக்கில் பத்து நாடுகளைக் கடக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "நீ சென்னைதானே? உங்கள் கோடு ஆரம்பித்த மலைக்குப் போயிருக்கிறாயா?"

எனக்குப் புரியவில்லை. செயின்ட் தாமஸ் மவுண்ட் என்றான்.

நான் ஆலந்தூரில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது நேரெதிரே தெரிவது அந்த மலைதான், எங்கள் பரங்கிமலை. சின்ன வயதில் விமானம் இறங்குவதைப் பார்க்க அதன் மேல் ஏறியிருக்கிறேன். மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அளவையாளரின் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்து, பரீட்சைக்கு எழுதி, மறந்திருக்கிறேன். இந்தியாவையே அளந்த அந்தப் பெரும் முக்கோண அளவை 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி என் வீட்டுக்கு எதிரே உள்ள மலையடியில் தொடங்கியதைத் தார்த்துவின் பனியில் நின்று ஒரு எஸ்தோனியப் பையன் சொல்லித்தான் கேட்டேன். அந்தக் குளிரிலும் முகம் சுட்டது.

அன்று ராத்திரி அவன் வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. முழுசாகச் சொல்லிக்கொடு என்று உட்கார்ந்தேன். மூன்று கிழங்குகளை மேசையில் முக்கோணமாக வைத்தான். "இந்த ஒரு பக்கத்தை மட்டும் தரையில் உயிரைக் கொடுத்து அளக்கணும். பிறகு நடையே வேண்டாம், கோணம் போதும். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும். வந்த பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம்." நாலாவது கிழங்கை வைத்தான், ஐந்தாவதை வைத்தான். மேசை முடியும் வரை முக்கோணம் போனது.

அந்த முதல் பக்கத்தைத்தான் லாம்ப்டன் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை, சுமார் 12 கி.மீ., 57 நாள் அளந்திருக்கிறார். 100 அடி எஃகுச் சங்கிலி, 400 தடவை போட்டு எடுத்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் ஒவ்வொரு தடவையும் சங்கிலிக்குப் பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்களாம். ஏப்ரல், மே மாதம், பரங்கிமலை வெயில். அது எப்படிப்பட்ட வெயில் என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் சொன்னபோது அவன் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டான்.

வசந்தத்தில் அவர்கள் எங்களிடம் வந்தார்கள். நெதர்லாந்தில் ஸ்கோக்லாந்து என்ற இடத்துக்குக் கூட்டிப்போனோம். ஒரு காலத்தில் கடல் நடுவே தீவு. வெள்ளம் தாங்காமல் 1859-இல் அரசர் உத்தரவில் ஊரையே காலி செய்தார்கள். 1942-இல் சுற்றியிருந்த நீரை வடித்து வயலாக்கிவிட்டார்கள். இன்று துறைமுகத்தின் மரத்தூண்கள் அப்படியே நிற்கின்றன, சுற்றிலும் புல், ஆடு மேய்கிறது. இந்தத் தடவை நான் நன்றாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

---

நிலாவரைப் பேத்தி:

அண்ணா, வாசிக்கேக்கை மேல் சிலிர்த்தது. என்ரை கதை சுலோவீனியாவிலை நடந்தது.

நான் பிறந்து வளந்தது ஜெர்மனியிலை. அம்மம்மா யாழ்ப்பாணத்துப் புத்தூர். மூன்ஸ்டரிலை புவியியல் படிக்கேக்கை எங்கடை கிளை லுப்லியானாவோடை பரிமாற்றம் செய்தது. செப்டம்பர் மாசம் எங்களைச் செர்க்னிகா ஏரிக்குக் கொண்டு போச்சினம். ஏரி எண்டுதான் சொன்னவை, போய்ப் பாத்தா புல்வெளி! வள்ளங்கள் புல்லிலை கிடக்குது, ஒரு ஐயா வைக்கோல் கட்டிக்கொண்டு நிக்கிறார். மாரியிலை நிரம்பினா சுலோவீனியாவிலேயே பெரிய ஏரி அதுதான். கோடையிலை தண்ணி முழுக்க நிலத்துக்குள்ளை இறங்கிப் போடும். எல்லாம் சுண்ணாம்புக்கல் நிலம். இப்பிடிப்பட்ட நிலத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லுற "கார்ஸ்ட்" எண்ட பேரே அங்கை உள்ள கிராஸ் மேட்டுநிலத்திலை இருந்து வந்ததுதான்.

என்னைத் தன்ரை வீட்டிலை வைச்சிருந்த பிள்ளை என்னை மட்டும் தனியக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணி இறங்குற ஒரு குழியைக் காட்டினா. குனிஞ்சு கையை வைச்சுப் பாத்தன், உள்ளுக்கை இருந்து குளிர்காத்து வந்தது. இதுக்குள்ளை போற தண்ணி குகைக்குள்ளாலை போய், வேறை இடத்திலை வேறை பேரோடை ஆறாய் வெளியிலை வரும், திரும்ப ஒளிக்கும், திரும்ப வரும், கடைசியா லுப்லியானிக்கா எண்டு எங்கடை நகரத்துக்கை ஓடும் எண்டா. ஒரே தண்ணிக்கு ஏழு பேராம்.

எனக்கு உடனை அம்மம்மாவின்ரை நிலாவரைக் கிணறு ஞாபகம் வந்துட்டுது. ராமர் அம்பு விட்டு வந்த கிணறு, அடியே இல்லை, நிலாவரையிலை எலுமிச்சம்பழம் போட்டா கீரிமலைக் கேணியிலை வந்து மிதக்கும் எண்டு சின்னனிலை எத்தினை தரம் கேட்டிருப்பன். அதை அவவுக்குச் சொன்னன். சிரிப்பா எண்டு நினைச்சன். அவ சிரிக்கேல்லை. கொப்பியை எடுத்தா.

"எலுமிச்சம்பழம் வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது?"

நான் வாயைத் திறக்கேல்லை. பிறகு அவ விளங்கப்படுத்தினா. இப்ப குழியிலை பச்சைச் சாயம் விட்டு, அது எந்த ஊற்றிலை, எத்தினை மணித்தியாலத்திலை வருது எண்டு பாக்கிறவையாம். நேரம் தெரிஞ்சாத்தான் கீழை உள்ள வழி எப்பிடிப்பட்டது எண்டு யோசிக்கலாமாம். உங்கடை ஊரிலை சாயத்துக்குப் பதிலா எலுமிச்சம்பழம், பரிசோதனை ஒண்டுதான் எண்டா.

அண்டிரவே அம்மம்மாவுக்கு அடிச்சன். "விடியப் போட்டா பின்னேரம் வரும் எண்டு சொல்லுவினம் பிள்ளை. ஆனா ஒருத்தரும் அங்கை நிண்டு பாத்ததா நான் கேள்விப்படேல்லை" எண்டா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, மேலை நல்ல தண்ணி, ஆழத்துக்குப் போகப் போக உப்பு எண்டும் சொன்னா. அது நான் கேக்காத தகவல்.

யாழ்ப்பாணத்திலை மழைத் தண்ணியைத் தேக்கிறதும் அந்தச் சுண்ணாம்புக்கல்தான், தோட்டத்து உரத்தைக் கிணத்துக்குள்ளை இறக்கிறதும் அதேதான். என்ரை முதுகலை ஆய்வு இப்ப அந்தக் கிணறுகளிலை சேருற உர நைத்திரேற்றைப் பற்றித்தான். அந்தப் பிள்ளை எலுமிச்சம்பழத்துக்கு நேரம் கேக்காட்டி நான் ரைன் ஆற்றைப் பற்றி ஏதோ எழுதி முடிச்சிருப்பன்.

---

திருவாரூர் மாணவி:

அண்ணா, அக்கா, இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். நான் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் துறையில் களப்பயணம் என்றால் ஊட்டி, அதுவும் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு. எகேயாவில் எங்களைப் போன்றவர்கள் சேர முடியுமா? எவ்வளவு செலவாகும்?

எனக்கு ஒரு சின்ன அனுபவம்தான். 2018 கஜா புயலின்போது எங்கள் ஊருக்கு உதவி கொண்டுவந்த வண்டிக்காரர்கள் போனில் வரைபடம் பார்த்து வந்தார்கள். அதில் எங்கள் தெருவே இல்லை. அப்பா மெயின் ரோட்டில் போய் நின்று கைகாட்டித்தான் கூட்டிவந்தார். நான் புவியியல் எடுத்ததற்கு அதுதான் காரணம். கல்லூரியில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். இங்கே சொல்லலாம் என்று தோன்றியது.

---

பரங்கிமலைக்காரன்:

தங்கச்சி, வெட்கமே வேண்டாம், அதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது.

எகேயா ஐரோப்பிய ஊர்களின் கிளைகளால் ஆனது. அங்கே படிக்கப் போனால்தான் கைக்கு எட்டும். அங்கே போய்விட்டால் செலவு குறைவு. தங்க இடம் கிடைத்துவிடும், பயணச் சீட்டுதான் பெரிய செலவு. ஆனால் நீ இருக்கிற இடத்திலிருந்தே சேரக்கூடியது ஒன்று இருக்கிறது: யூத்மேப்பர்ஸ். 2015-இல் அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கியது, இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் கிளை இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடு, தெரு, வாய்க்கால் ஆகியவற்றை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைவதுதான் வேலை. கணினியும் இணையமும் போதும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தது அந்த வரைபடத்தின் மேல்தான்.

உன் தெருவை இன்றைக்கே வரைந்துவிடலாம். பெயர்களை மட்டும் அப்பாவிடம் கேட்டு எழுது. கிளை வாய்க்கால்களின் பெயர் மேலே பறக்கிற செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

---

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:

தம்பி, லாம்ப்டனைப் பற்றி எழுதியிருந்ததால் ஒன்று சேர்க்கிறேன். திருவாரூர்ப் பிள்ளையும் படிக்கட்டும், அவள் பக்கத்துக் கதைதான்.

கோணம் அளக்க உயரமான இடம் வேண்டும். டெல்டாவில் மலை ஏது? தென்னையும் பனையும் மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் ஏறி அளந்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல், கோணம் அளக்கும் தியோடலைட் என்ற கருவியை ஏற்றினார்கள். அரை டன் எடை. பாதி வழியில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தட்டு நசுங்கிவிட்டது. இங்கிலாந்திலிருந்து இன்னொன்று வர மாதக்கணக்காகும். லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆறு வாரம், நசுங்கிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

முப்பது வருடம் பிள்ளைகளைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போய், வெளிப் பிரகாரத்தில் நிறுத்தி இதைச் சொல்லியிருக்கிறேன். மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

---

பரங்கிமலைக்காரன்:

ஐயா, இது எனக்குத் தெரியாது. இன்றே தார்த்துவுக்கு எழுதிவிட்டேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். அந்த நண்பன் வருகிற ஜனவரியில் சென்னை வருகிறான். நான் இப்போது இங்கேதான் வேலையில் இருக்கிறேன். அவன் கேட்டது ஒன்றுதான்: மலை உச்சியில் லாம்ப்டனின் சிலையைப் பார்த்துவிட்டு, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை அந்தக் கோட்டிலேயே நடக்க வேண்டும். நேராக நடக்க முடியாது, நடுவில் வீடுகளும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் இருக்கின்றன. முடிந்தவரை ஒட்டிப் போகலாம். இந்தத் தடவை வீட்டில் தரையில் படுப்பவன் அவன், அம்மா இப்போதே அவனுக்குக் காரம் குறைத்துச் சமைத்துப் பார்க்கிறாள்.

கூட வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:

வருகிறேன். என் பழைய அளவைச் சங்கிலி பரணில் கிடக்கிறது. துருப்பிடித்திருக்கும், எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

---

நிலாவரைப் பேத்தி:

நான் அப்ப யாழ்ப்பாணத்திலை ஆய்வுக்குத் தண்ணி மாதிரி எடுத்துக்கொண்டு நிப்பன் அண்ணா, வர ஏலாது. ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்கோ, சங்கிலி போடேக்கை வெப்பமானியும் வைக்கிறதோ எண்டு.

---

பரங்கிமலைக்காரன்:

வைக்கிறோம். தங்கச்சி, உனக்குப் பேருந்துச் செலவு என் பொறுப்பு, வீட்டில் கேட்டுச் சொல். ஜனவரி இரண்டாம் ஞாயிறு, காலை 6 மணி, மலைப் படிக்கட்டின் கீழே.