புகை அடித்தும் காய்ச்சல் நிற்கவில்லையே, ஏனுங்க?

நூல்கண்டு கேட்டது:

வணக்கமுங்க. திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டி ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே காம்பவுண்டில் 14 வீடு. உப்புத் தண்ணிக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு போர். நல்ல தண்ணி 10 நாளைக்கு ஒருமுறை, சில சமயம் 12 ஆகிவிடும், வந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோதான். அதனால் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மூன்று நீல டிரம் நிற்கும், புதிதாக வருகிறவர்கள் டிரம் கடை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் காம்பவுண்டில் மட்டும் 5 பேருக்கு டெங்கு. அதில் ஒருத்தி என் மகள், நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இப்போது தேறிவிட்டாள். புகை மருந்து இரண்டு முறை அடித்தாயிற்று. இரண்டாவது முறை அடித்து ஒரு வாரம் கழித்துக் கடைசி வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல். அப்படியென்றால் அது மருந்தா, வெறும் டீசல் புகையா?

இதற்கு நடுவில் ஒரு சண்டை வேறு. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய வடமாநிலப் பையன்கள்தான் இதைக் கொண்டுவந்தார்கள், அவர்களைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் நான்கு பேர் போய் நிற்கிறார்கள். ஆனால் முதலில் படுத்த அக்காவுக்கு அந்தப் பையன்கள் வருவதற்கு முன்பே காய்ச்சல், அவர் கம்பெனி விட்டால் வீடு, வேறெங்கும் போனதில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது?

கடைசியாக ஒன்று. நான் எங்கள் டிரம்மை மூடித்தான் வைக்கிறேன். பக்கத்து வீட்டில் மூடி என்ற பேச்சே கிடையாது. நான் மட்டும் சுத்தமாக இருந்து என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள்.

டார்ச்லைட்:

ஈரோடு பக்கம் ஆறு வருடம் டிபிசி வேலை பார்த்தவன் நான், அதாவது வீடு வீடாகப் போய்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் புழு தேடுகிற ஆள். நாய்க்கடி வாங்கியது தனிக்கதை.

புகையில் மருந்து இருக்கிறது, டீசலில் கலந்துதான் அடிப்பார்கள். ஆனால் அந்தத் துளி மேலே பட்டால்தான் கொசு சாகும், அதுவும் பறந்துகொண்டிருக்கிற கொசு. டெங்கு கொசு சாக்கடைக் கொசு மாதிரி இல்லை. அது வீட்டுக்குள் கட்டிலுக்கடியில், கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னால், அலமாரி இருட்டில் உட்கார்ந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? கதவைச் சாத்துவீர்கள். முடிந்தது. தொட்டியில் இருக்கிற புழுவுக்கோ முட்டைக்கோ அந்தப் புகை ஒன்றும் செய்யாது, இன்றைக்கு அடித்தால் நாளைக்கே அடுத்த கூட்டம் பறந்து வரும்.

அப்படியானால் எதற்கு அடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்ததும் அவரைக் கடித்த கொசு இன்னும் அந்தச் சுற்றுவட்டத்தில்தான் இருக்கும். கடித்த உடனே அது அடுத்தவருக்கு நோயைத் தர முடியாது, கிருமி அதன் உடம்புக்குள் பெருகி எச்சிலுக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் வேண்டும். அதற்குள் அதைக் கொன்றுவிட்டால் சங்கிலி அறுந்தது. வீட்டுக்குள்ளும் சேர்த்து உடனே அடித்தால் பலன் உண்டு. பத்து நாள் கழித்துத் தெருவில் மட்டும் அடித்துவிட்டுப் போனால் நமக்கு மனத்திருப்திதான் மிச்சம்.

இப்போது உங்கள் டிரம்முக்கு வருகிறேன். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். உங்களுக்குத் தண்ணி 10, 12 நாளைக்கு ஒருமுறை. இதற்கு மேல் நான் சொல்லவே வேண்டாம், உங்கள் ஊர்த் தண்ணி முறை கொசுவுக்கென்றே அளந்து வைத்தது மாதிரி இருக்கிறது. மழையே பெய்யாத வருடத்தில்கூட டெங்கு வருவது இதனால்தான், தண்ணி எவ்வளவு அரிதோ அவ்வளவு டிரம் நிற்கும். மழை கூடுதலாக டயரையும் தேங்காய்த் தொட்டியையும் நிரப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தக் கொசு தண்ணிக்குள் முட்டை வைக்காது, தண்ணிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணியைக் கவிழ்த்துவிட்டு அப்படியே மறுபடி பிடித்தால் அந்த முட்டை நனைந்து பொரிந்துவிடும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினோம். தேங்காய் நாரோ பழைய சீமாறோ, விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

புழுவைக் கொல்லத் தொட்டித் தண்ணியில் ஊற்றுகிற அபேட் மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாடை அடிக்கிறது, விஷம் என்று நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் தண்ணியைக் கொட்டினவர்கள் எத்தனை பேர். லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டாத அளவுக்குக் குடிதண்ணியிலேயே போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன மருந்து அது. வாடை இருக்கத்தான் செய்யும்.

நூல்கண்டு:

ரொம்ப நன்றிங்க அண்ணா. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று சாயந்திரம் நானும் கடைசி வீட்டுப் பையனின் அப்பாவும் செல்போன் லைட்டை அடித்து 14 வீட்டையும் பார்த்தோம். மொத்தம் 31 டிரம், 9-ல் புழு நெளிகிறது. அதில் ஒன்று எங்களுடையது, மூடி ஒரு பக்கம் உடைந்திருந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் யாரும் தொடாத ஆட்டுக்கல் குழியில் இருந்ததுதான் ஏராளம். வடமாநிலப் பையன்கள் அறையில் டிரம்மே கிடையாது, இரண்டு குடம்தான், அவர்கள் வாங்குவது கேன் தண்ணி.

நொய்யல்கரை:

அந்தப் பையன்கள் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இந்தக் கொசு வாழ்நாளெல்லாம் சேர்த்துப் பறப்பதே ஒன்றிரண்டு தெருத்தான். ஊர்விட்டு ஊர் கிருமியைச் சுமக்கிறது மனுசன்தான், அதில் வடக்கு தெற்கு என்றெல்லாம் கிடையாது, அவினாசிக்கு விசேஷத்துக்குப் போய் வந்த நம்ம ஆளும் சுமப்பான். கிருமி ஏறிய நான்கு பேரில் மூன்று பேருக்குக் காய்ச்சலே தெரியாமல் போகும் அல்லது லேசாக வந்து போகும். அப்படிப்பட்டவரைக் கடித்த கொசுவாலும் நோய் பரவும். காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ரத்தத்தில் கிருமி இருக்கும். ஆக முதலில் படுத்தவரை முதல் ஆள் என்று நாம் நினைக்கிறோம், அவருக்கு முன்னால் காம்பவுண்டிலோ கம்பெனியிலோ நடமாடிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் இருந்திருப்பார், அவருக்கே தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் மூடாவிட்டால் நான் மூடி என்ன பயன் என்று கேட்டீர்களே, இதே கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே ரொனால்ட் ராஸிடம் கேட்டிருக்கிறார்கள். 1897-ல் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டவர் அவர், 1902-ல் நோபல் பரிசு வாங்கினார். ஊரில் உள்ள கொசு அத்தனையையும் கொல்ல முடியுமா, ஒன்று விட்டாலும் போச்சே என்று அவரை மடக்கினார்கள். அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார், அத்தனையையும் கொல்ல வேண்டியதே இல்லை என்று. நோயாளி ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவாகப் பரவுகிற அளவுக்குக் கொசுவைக் குறைத்தால் போதும், நோய் தானாகவே தேய்ந்து போகும்.

உங்கள் காம்பவுண்டுக்கே வைத்துப் பாருங்கள். ஒருவர் வழியாக இரண்டு பேருக்குப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், கொசுவைப் பாதிக்கு மேல் குறைத்தாலே அது ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். 9 டிரம்மில் 6 சரியானாலே பெரிய வித்தியாசம் தெரியும், அந்த மூடாத மனிதரும் உங்கள் புண்ணியத்தில் தப்பிப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும், என்ன செய்வது. தட்டம்மைக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவக்கூடியது, அதனால்தான் 95% குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்று நிற்கிறார்கள்.

குறுக்குச்சாலை:

எதற்கு இத்தனை பாடு? நிலவேம்புக் கசாயம் குடித்தால் தீர்ந்தது. கொரோனாவுக்கு மாதிரி இதற்கும் ஒரு தடுப்பூசி போட வேண்டியதுதானே, அதை ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?

டார்ச்லைட்:

கசாயம் குடிக்கிறவர்கள் குடியுங்கள், நானும் குடிப்பேன். நீங்கள் குடித்தது டிரம்மில் இருக்கிற புழுவுக்குத் தெரியாதே.

நொய்யல்கரை:

தடுப்பூசியில் சிக்கல் என்னவென்றால் டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்குத்தான் நீண்ட நாள் பாதுகாப்பு. பிறகு வேறொரு வகை வரும்போது பழைய எதிர்ப்புச் சக்தியே கிருமிக்குக் கதவு திறந்துவிட்டு நோயை முற்ற வைக்கலாம். பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள், அதற்கு முன் டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது பின்னால் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று தெரிந்து 2017 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் தயாரான ஒன்றுக்கு 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடங்கியது. அதனால்தான் இந்த நிதானம்.

என்னைக் கேட்டால் இதைவிட சுவாரசியமானது இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா ஊரில் செய்ததுதான். வோல்பாக்கியா என்கிற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றி அந்தக் கொசுக்களைப் பறக்க விட்டார்கள். அது உள்ளே இருந்தால் டெங்குக் கிருமி கொசுவுக்குள் சரியாகப் பெருகாது. விட்ட பகுதிகளில் டெங்கு 77% குறைந்ததாக 2021-ல் முடிவு வந்தது. கொசுவை ஒழிக்க ஊர் ஊராய் அலைகிறபோது அங்கே கொசுவை வளர்த்து விட்டிருக்கிறார்கள் பாருங்கள்! புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையத்திலும் அந்த மாதிரிக் கொசு தயார் செய்திருக்கிறார்கள், வெளியே விட்டால்தான் தெரியும்.

உக்கடத்தான்:

பையன்களைக் காலி பண்ணச் சொன்னதைப் படித்ததும் எங்கள் அம்மிச்சி சொல்வது ஞாபகம் வந்தது. அவர் அம்மா காலத்தில் கோயமுத்தூரில் பிளேக். வீட்டில் எலி செத்து விழுந்தால் போசி, குண்டா எதையும் எடுக்காமல் தோட்டத்துச் சாளைக்கு ஓடிவிடுவார்களாம். 1901 கணக்கெடுப்பில் 53,000 பேர் இருந்த ஊர் 1911-ல் 47,000 ஆகிவிட்டது, வளர வேண்டிய ஊர் சுருங்கிப் போனது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றைக்கும் எங்கள் ஊரில் இருக்கின்றன, வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள், அந்தப் பெயர் வைத்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் பிளேக் ஏறுகிறது என்று 1898-ல் கராச்சியில் சிமோன் என்கிற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார், அப்போதும் பல வருடம் நம்பாமல் இருந்தார்கள். நம் பெரியவர்களுக்குத் தெள்ளுப்பூச்சி தெரியாது, எலி விழுந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். செத்த எலியை விட்டு இறங்கித்தான் அந்தப் பூச்சி மனிதரைத் தேடும், அதனால் ஓடியது சரியான வேலை. டெங்குவுக்கு அதே புத்தியில் ஆளைத் துரத்தினால் துரத்தப்பட்டவர் கிருமியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார், உங்கள் டிரம்மும் கொசுவும் அங்கேயேதான் இருக்கும். காய்ச்சல்காரரைப் பகலில் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கிறது, நாம் ராத்திரிக்குத்தான் வலை கட்டுகிறோம்.

கோபி அம்முணி:

மகள் தேறிவிட்டாள் என்று படித்ததும்தான் நிம்மதி, கண்ணு. ஒன்று மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள், காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பாதீர்கள். விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் மோசம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது, எது தெரிந்தாலும் உடனே ஓடுங்கள். வலிக்கு பாராசிட்டமால் தவிர எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், சில வலி மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி பண்ணித் தேய்க்கச் சொல்வது சுலபம். 12 நாளைக்கு ஒருமுறை வருகிற நல்ல தண்ணியை ஏழாம் நாள் யார் கீழே ஊற்றுவார்கள்? நான் ஊற்ற மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு டிரம் எப்போதும் காலியாக இருக்கும். ஏழாம் நாள் நிறைந்ததை வேட்டித் துணியில் வடிகட்டிக் காலி டிரம்மில் ஊற்றிவிட்டு, இதைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடுவேன். வாய்க்கு மேலே துணி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும், பிளாஸ்டிக் மூடியை மட்டும் நம்பினால் உடைந்த பக்கமாகக் கொசு உள்ளே போய்விடும்.

நூல்கண்டு:

துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லைங்க அக்கா, கம்பெனியில் கட் பீஸ் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆட்டுக்கல்லை இன்று காலையில் நான்கு பேர் பிடித்துப் புரட்டிப் போட்டோம், பிடித்ததில் இரண்டு பேர் அந்தப் பையன்கள்தான். நேற்று எங்கள் டிரம்முக்குப் பனியன் துணி கட்டிப் பார்த்தேன், கயிறு நழுவி நடுவில் குழிந்து அந்தக் குழியிலேயே தண்ணி நிற்கிறது. எதை வைத்துக் கட்டுகிறீர்கள்?

கோபி அம்முணி:

பனியன் துணி இழுபடும், இரண்டு மடிப்பாகப் போடு. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி, டிரம் வாயைவிட ஒரு சாண் குறைவாக வெட்டி முடிச்சுப் போட்டு வளையமாக மாட்டு. ராத்திரி தண்ணி வந்தாலும் தூக்கக் கலக்கத்தில் ஒரு கையால் கழற்றிவிடலாம்.