கம்பெனி பிளேன்: மணிக்கு எவ்வளவுன்னு போர்டுக்கு எப்படிங்க கணக்குச் சொல்றது?

காஸ்ட்டிங்_கோவை:

வணக்கமுங்க. கோவையில ஒரு குரூப் கம்பெனியில காஸ்ட்டிங் பாக்கறேன். எங்ககிட்ட ஒரு கிங் ஏர் 350 இருக்குது. ரெட்டை டர்போப்ராப், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பீளமேட்டுல நிக்குது. வாடகைக்கு ஓட்டற லைசென்ஸ் இல்லீங்க, சொந்த உபயோகம் மட்டும்.

பைலட் சம்பளம், இன்சூரன்ஸ், ஹேங்கர் (பிளேன் நிறுத்தற கொட்டகை), பைலட்டுகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 3.2 கோடி. பிளேன் பறந்தாலும் நின்னாலும் இது வந்தே தீரும். பறந்தா மணிக்கு இன்னொரு 1.2 லட்சம். எண்ணெய் மட்டுமே மணிக்கு ஏறத்தாழ 400 லிட்டர் குடிக்குதுங்க. போன வருஷம் பறந்தது 162 மணி. வகுத்துப் பார்த்தா மணிக்கு 3.18 லட்சம், தேய்மானம் இல்லாம.

புதுசா வந்த இண்டிபெண்டன்ட் டைரக்டர் ஆடிட் கமிட்டியில ஒரே கேள்விதான் கேட்டார்: "வாடகை பிளேன் இதுல பாதிக்குக் கிடைக்குமே?" நான் பேப்பரைப் பொரட்டிக்கிட்டே இருந்தேன்.

இன்னொரு சங்கடமும் இருக்குது. மூணு வருஷத்துக்கு முன்னால முழு ரேட்டையும் பிளான்ட்டுகளுக்கு டெபிட் போட, அதாவது அவங்க செலவுக் கணக்குல எழுத, ஆரம்பிச்சது நான்தான். அப்ப 290 மணி ஓடிச்சு. அடுத்த வருஷம் 215. இப்ப 162. கர்நாடகாவுல தோரணகல்லு பக்கம் எங்க யூனிட் ஒண்ணு இருக்குது. அதோட ஹெட் இப்பல்லாம் காலையில பெங்களூருக்கு டிக்கெட் போட்டு, அங்கிருந்து கார்ல 300 கிலோமீட்டர் போறார். பிளேன்ல போனா பக்கத்துலயே வித்யாநகர் ஏர்ஸ்ட்ரிப், ஒரு மணி நேரம். "உங்க ரேட்டைப் பார்த்தா என் பட்ஜெட் தாங்காதுங்க"ன்னு சொல்றார்.

காலி டிரிப்பை யார் தலையில எழுதறதுன்னும் தெரியல. திங்கக்கிழமை எம்.டி.யை இறக்கி விட்டுட்டுக் காலியா வருது, புதங்கிழமை கூட்டிட்டு வரக் காலியாப் போகுது. வழி சொல்லுங்க.

—

பழைய_சி.எம்.ஏ:

தம்பி, உங்க ரேட்தான் உங்க பிளேனைத் தரையில நிறுத்துது. மணி குறைஞ்சா ரேட் ஏறும், ரேட் ஏறினா இன்னும் ரெண்டு பேர் காருக்கு மாறுவாங்க, மறுபடி மணி குறையும். 290ல உங்க ரேட் 2.30 லட்சம் வந்திருக்கும், இப்ப 3.18. பிளேன் அதேதானே, பைலட்டும் அவங்கதானே? அந்த யூனிட் ஹெட் கார்ல போனதால கம்பெனிக்கு மிச்சமானது மணிக்கு 1.2 லட்சம் மட்டும்தான். அவர் 3.18 மிச்சம் பிடிச்சதா நினைச்சுக்கிட்டு பத்து மணி நேரம் ரோட்டுல கழிக்கறார்.

3.2 கோடியை ஹெட் ஆபீஸ்லயே வைங்க. அது பயணச் செலவு இல்ல, எப்ப வேணும்னாலும் கிளம்பலாம்ங்கற வசதிக்குக் குடுக்கற விலை. அது தேவையா இல்லையான்னு போர்டு வருஷத்துக்கு ஒரு தடவை உக்காந்து முடிவு பண்ணட்டும். பிளான்ட்டுகளுக்கு 1.2 மட்டும் டெபிட் போடுங்க. காலி டிரிப், யாருக்காகக் காலியாப் பறந்துச்சோ அவங்க கணக்குல. இதுல தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க.

டைரக்டர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனா சராசரியை வச்சு அதுக்குப் பதில் சொல்ல முடியாது. போன வருஷ லாக்கை, அதான் பயணப் பதிவேட்டை, எடுங்க. ஒவ்வொரு பயணத்துக்கும் மூணு விலை போடுங்க: சொந்த பிளேன், சார்ட்டர்ங்கற வாடகை பிளேன், டிக்கெட்டும் காரும். சார்ட்டர்காரன் சொல்ற மணி ரேட்டை அப்படியே பெருக்கிடாதீங்க. கோவையில வண்டி நிக்காது, பெங்களூர்ல இருந்தோ சென்னையில இருந்தோ காலியா வந்து காலியாத் திரும்பும், அந்த நேரமும் உங்க பில்லுலதான் ஏறும். ராத்திரி தங்கினா அதுக்குத் தனி.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. எம்.டி. சம்பளத்தை மணியால வகுத்து "இத்தனை லட்சம் நேரம் மிச்சம்"னு ஸ்லைடு போடறது. நான் ஒரு தடவை போட்டேன். "மிச்சமான நேரத்துல அவர் என்ன பண்ணார்?"னு ஒருத்தர் கேட்டார். தூங்கினார்னு எனக்குத் தெரியும்.

—

ஹேங்கர்காரன்:

முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்சவன் பேசறேன். உங்க 1.2 லட்சத்துல இன்ஜினுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க? உங்க பிளேன்ல இருக்கற பிடி6 இன்ஜினுக்கு 3600 மணியில ஓவர்ஹால் (முழுசாப் பிரிச்சுச் சரிபண்றது), பாதியில ஹாட் செக்ஷன்ங்கற சூடான உள்பகுதியைப் பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டு இன்ஜின். மணிக்கு மணி எடுத்து வைக்கலேன்னா, நாலஞ்சு வருஷம் "பிளேன் சும்மா ஓடுது"ன்னு காட்டிட்டு ஒரே வருஷத்துல கோடிக்கணக்குல பில் வந்து நிக்கும். அன்னைக்கு போர்டு உங்களைத்தான் பார்க்கும்.

பறந்தாத்தான் தேயும்னும் நினைக்காதீங்க. லேண்டிங் கியரை ஆறு வருஷமாச்சுன்னா கழட்டி ஓவர்ஹாலுக்கு அனுப்பியே ஆகணும், நூறு தடவை இறங்கியிருந்தாலும் சரிதான். அது மணிக் கணக்குல வராது, 3.2 கோடி பக்கம் சேருங்க.

முக்கியமான விஷயம்: குரூப்ல இருக்கற வேற கம்பெனிக்கு டெபிட் நோட் அடிக்கறீங்களா? சொந்த உபயோகத்துக்குப் பதிவான பிளேன் கூலி வாங்கக் கூடாது. ஒரே கம்பெனியோட யூனிட்டுக்குள்ள புத்தக என்ட்ரி போட்டுக்கோங்க, அது வேற. அடுத்த கம்பெனின்னா விமானத் துறையைக் கண்காணிக்கற டிஜிசிஏ பார்வையில அது வாடகை மாதிரி நிக்கும். முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க.

—

ஹூஸ்டன்_மாமா:

இங்கே அமெரிக்காவுல ஒரே சீட்டுக்கு ரெண்டு விலை. அதிகாரி குடும்பத்தோட சொந்த வேலையாப் பறந்தா, அவர் வருமானத்துல சேர்க்க வரித்துறை ஒரு மைல் கணக்கு வச்சிருக்கு, எஸ்ஐஎஃப்எல்னு பேர். பெரும்பாலும் சின்னத் தொகையாத்தான் வரும். ஆனா பங்குதாரர்களுக்கு அனுப்பற அறிக்கையில அந்த சின்னத் தொகையைக் காட்டக் கூடாது, கம்பெனிக்கு உண்மையில எவ்வளவு கூடுதலாச் செலவாச்சோ அதைக் காட்டணும்னு பங்குச் சந்தையைக் கண்காணிக்கற எஸ்இசி 2006லயே சொல்லிடுச்சு. கூடுதல் செலவுன்னா பழைய சி.எம்.ஏ. சார் சொன்ன 1.2 மாதிரிதான். நிறைய கம்பெனிகள் காலி டிரிப்பையும் அதுலயே சேர்த்துடுவாங்க.

முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன்னோட கம்பெனி பெர்க்ஷயருக்கு 8,50,000 டாலருக்கு ஒரு பழைய ஜெட் வாங்கினார். மூணு வருஷத்துல அதை வித்துட்டு 67 லட்சம் டாலருக்கு இன்னொண்ணு, அதுவும் பழசுதான். வைச்ச பேர் "தி இன்டிஃபென்சிபிள்", நியாயப்படுத்தவே முடியாததுன்னு அர்த்தம். பேர் வைச்சுட்டா கேள்வி வராதுன்னு நினைச்சாரோ என்னவோ! 2008 நவம்பர்ல டெட்ராய்ட் கார் கம்பெனித் தலைவர்கள் மூணு பேரும் ஆளுக்கொரு ஜெட்டுல வாஷிங்டன் போய் அரசாங்கத்துகிட்ட பணம் கேட்டாங்க. கிடைச்ச பாட்டைக் கேட்டுட்டு டிசம்பர்ல கார்ல போனாங்க. கணக்கு சரியா இருந்தாலும் எந்த நாள்ல எங்கே இறங்கறோம்னு ஒண்ணு இருக்கு பாருங்க.

உங்க ஊர் வரி எனக்கு அரைகுறை. தனியார் பிளேனுக்குக் கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்கற கிரெடிட் கிடையாதுன்னு கேள்விப்பட்டேன், சரியா?

—

காஸ்ட்டிங்_கோவை:

சரிங்க மாமா. ஜிஎஸ்டி சட்டம் 17(5)ல தடுத்து வச்சிருக்கறாங்க. பிளேனுக்கு மட்டுமில்ல, இன்சூரன்ஸ், ரிப்பேருக்கும் கிரெடிட் இல்ல. விமான எண்ணெய் ஜிஎஸ்டிக்குள்ளயே வராது, மத்திய கலால் வரியும் மாநில வாட்டும்தான். தேய்மானம் வருமான வரிக்கு 40 சதம், கம்பெனி சட்டத்துல 20 வருஷம். ரெண்டு புக்குலயும் ரெண்டு பிளேன் இருக்கற மாதிரி தெரியும்.

மூணு வாரமா லாக்கோட உக்காந்திருந்தேன். 148 லெக் (ஒரு தடவை ஏறி இறங்கினா ஒரு லெக்), அதுல 61 காலி. ஆள் இருந்த 87ல, 71க்கு நோக்கம்ங்கற கட்டத்துல "மீட்டிங்"னு மட்டும் இருக்குது. யாரோட, எதுக்குன்னு இல்ல. டிரைவர்கிட்டயும் செக்ரெட்டரிகிட்டயும் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

லெக்கையெல்லாம் கோர்த்துப் பார்த்தா 46 பயணம். சார்ட்டர்காரங்ககிட்ட காலி டிரிப், ராத்தங்கல், வரி எல்லாம் சேர்த்து விலை வாங்கினேன், சராசரி பயணத்துக்கு 7.4 லட்சம். மொத்தம் 3.40 கோடி. நம்ம பிளேன் 5.14 கோடி. அதுலயும் இன்ஜினுக்கு நான் ஒதுக்கினது பத்தாதுன்னு ஹேங்கர்காரர் சொன்னதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன். டைரக்டர் கேட்டது சரிதானுங்க. இதே மாதிரிப் பயணம்னா ஏறத்தாழ 355 மணி பறந்தாத்தான் சொந்த பிளேனும் சார்ட்டரும் சமமாகுது. நாம 290ஐயே தாண்டினதில்ல.

இதை அப்படியே பேப்பரா வச்சேன். ரேட் எங்க தப்பாலதான் ஏறிச்சுன்னும் எழுதினேன். ஏப்ரல்ல இருந்து ஒரு வருஷம் 1.2 மட்டும் டெபிட், மணி திரும்ப வருதான்னு பார்க்கறது, வரலேன்னா வித்துடறதுன்னு முடிவாச்சு. அடுத்த கம்பெனிக்கு அடிச்சிருந்த ரெண்டு டெபிட் நோட்டு வக்கீல் மேஜையில இருக்குது.

ஒரு திருப்பதி பயணமும் சிக்கிச்சு. எம்.டி. குடும்பம், லாக்ல "வெண்டார் மீட்டிங்". இறக்கி விட்டுக் காலியா வந்து, மறுநாள் காலியாப் போய்க் கூட்டிட்டு வந்தது. நாலு லெக், 3 மணி 40 நிமிஷம், 4.4 லட்சம். பணமா வாங்கினா கூலியாயிடும்னு பயந்து, பெர்க்விசிட்ல (சம்பளத்தோட சேர்ற சலுகைக் கணக்குல) ஏத்தி, போர்டு பேப்பர்ல முழுத் தொகையும் காட்டினேன். கையெழுத்துக்குப் போனப்ப எம்.டி. சார் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்.

"காலியா வந்ததையும் என் கணக்குலயா எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க சார்."

கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வெண்டார் மீட்டிங்"ங்கறதை அவரே பேனாவால அடிச்சு "சாமி கும்பிட"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.