ரொக்கி 9 போடும்போது ரெய்ட் டிஸ்க் தெரியவில்லை. பர்ம்வேர் மாற்றத்தான் வேண்டுமா?

பரந்தன்காரன்:
பரந்தனில் ஒரு நெல் ஆலை. கணக்கெல்லாம் பழைய சேர்வர் ஒன்றில். டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் ரெய்ட் கார்ட் மெகாரெய்ட் 9260-8ஐ, நான்கு டிஸ்க், ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் பழுதானாலும் கணக்கு தப்பும் முறை). சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 2024 ஜூனோடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டதால் ரொக்கி லினக்ஸ் 9 போட வெளிக்கிட்டோம். சேர்வர் தொடங்கும்போது கார்டின் திரையில் டிஸ்க் எல்லாம் வடிவாக வருகிறது. டிஸ்க் தெரிவுசெய்யும் இடத்துக்குப் போனால் யூஎஸ்பி பென் மட்டும் நிற்கிறது. வாங்கிய கடையில் கேட்டால் பர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பழசு, புதிதாக அடியுங்கோ என்கிறார்கள். கணக்கின் பிரதி வெளி டிஸ்க்கில் இருக்கிறது. அறுவடைக்கு முன் முடிக்க வேண்டும். அடிக்கவா?

குளக்கட்டு:
பொறுங்கள் தம்பி. கார்ட் தன் திரையில் டிஸ்க்கைக் காட்டுகிறது என்றால் அதில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. முதலில் உபுண்டுவை யூஎஸ்பியில் இருந்து நிறுவாமலே ஓடவிட்டு, டிஸ்க் வருகிறதா என்று பாருங்கள். அப்படியே 'எல்எஸ்பிசிஐ -என்என்' அடித்து, ரெய்ட் வரியில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணை இங்கே போடுங்கள்.

பரந்தன்காரன்:
உபுண்டுவில் டிஸ்க் வருகிறது! எண் 1000:0079.

குளக்கட்டு:
நினைத்ததுதான். உங்கள் கார்ட் சாஸ்2108 சிப். ரெட் ஹாட் லினக்ஸ் 8 ஆம் பதிப்பிலேயே, கார்டை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மெகாரெய்ட்_சாஸ் டிரைவரிலிருந்து இந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். டிரைவர் இருக்கிறது, உங்கள் கார்டைத் தனதென்று எடுத்துக்கொள்ளாது. ரொக்கி ரெட் ஹாட்டை ஒட்டியே கட்டப்படுவதால் அதுவும் அதே வழி. லினக்ஸின் மூலக் கெர்னலில் (மையப் பகுதியில்) எண் இன்னும் இருப்பதால்தான் உபுண்டுவில் வந்தது. பர்ம்வேரை எத்தனை தரம் மாற்றினாலும் இந்த எண் மாறப்போவதில்லை.

இரண்டு வழி. ரொக்கிதான் வேண்டுமென்றால் ஈஎல்ரெப்போ என்ற டிரைவர் களஞ்சியத்தில் இந்த டிரைவருக்கான டிஸ்க் படிமம் இருக்கிறது. இன்னொரு பென்னில் எழுதி, நிறுவும்போது பூட் வரியின் கடைசியில் 'இன்ஸ்ட்.டிடி' சேர்த்தால் எந்த டிரைவர் என்று கேட்கும். படிமம் உங்கள் 9.x பதிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். அது கரைச்சல் என்றால் அதே குடும்பத்து அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தியது. அவர்கள் இப்படி விலக்கப்பட்ட பழைய கார்டுகள் பலவற்றைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். நானென்றால் அல்மா.

மாங்குளம்_நெட்:
குளக்கட்டு அண்ணை சொன்னது சரி. ஆனாலும் பர்ம்வேரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம், புதிய பதிப்பின் குறிப்பில் ரெய்டிலிருந்து டிஸ்க் கழன்று விழும் பிழை ஏதாவது திருத்தியிருந்தால் போடலாம்.

குளக்கட்டு:
போடலாம், இன்றைக்கு அல்ல. வன்னியில் மாரி இடியோடு கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? எழுதும் நடுவில் போனால் கார்ட் எழும்பாமலே போகலாம். யூபிஎஸ் முழுதாக ஏறியிருந்து, பிரதியைத் திறந்து பார்த்து, நிறுத்த நேரமும் இருந்தால் மட்டும் தொடுங்கள். இந்தக் கார்டுக்கு இதைவிட அவசரமானது, அதன் கேஷ் (தற்காலிக நினைவகம்) கரண்ட் போனாலும் அழியாமல் காக்கும் பட்டரி. 'ஸ்டோர்சிஎல்ஐ /சி0/பிபியூ ஷோ' அடித்துப் பாருங்கள். பட்டரி செத்திருந்தால் கார்ட் வழமையாக ரைட்-த்ரூவுக்கு (நேரே டிஸ்க்கில் எழுதும் முறை) இறங்கி மெதுவாகும், ஆபத்தில்லை. பட்டரி இல்லாமலும் ரைட்-பாக் (முதலில் கேஷில் வைத்துப் பிறகு எழுதும் முறை) என்று யாராவது வலிந்து அமைத்திருந்தால்தான் தலையிடி: கரண்ட் போனதும் கேஷில் நின்ற கணக்கு போய்விடும்.

பரந்தன்காரன்:
அல்மா போட்டாயிற்று, ரெய்ட் முழுதாக வந்தது. பட்டரி செத்துத்தான் கிடக்கிறது, திறந்து பார்த்தால் ஊதிப்போய் இருக்கிறது. வலிந்து ரைட்-பாக்கும் போட்டிருந்தார்கள், ரைட்-த்ரூ ஆக்கிவிட்டேன். கார்டின் திரையில் 'பாரின் கான்பிக்' என்று ஏதாவது வந்தால் என்ன செய்வது?

மாங்குளம்_நெட்:
கார்ட் தனதென்று அறியாத ரெய்ட் அமைப்பு ஒரு டிஸ்க்கில் இருக்கிறது என்பதுதான் அது. அதை அழிக்கும் கிளியர் அழுத்தவே வேண்டாம். எந்த டிஸ்க் கழன்றது என்று பார்த்து, உறுதியென்றால் அந்த அமைப்பை ஏற்கும் இம்போர்ட். ஒரு டிஸ்க் நெடுநாள் வெளியே கிடந்திருந்தால் அதை மட்டும் இம்போர்ட் பண்ணாமல் புதிதாக ரீபில்ட் (மற்ற டிஸ்க்குகளிலிருந்து திரும்ப எழுதுவது) விடுங்கள். ஊதின பட்டரியைக் குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது, ஆலையில் பொடியள் இருந்தால் சொல்லிவையுங்கள்.