400 ஜிபி காணொளியை வெவ்வேறு ஊர்களில் உள்ள நண்பர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்த தீர்த்தவாரியை நண்பர்கள் ஆளுக்கொரு கேமராவில் பதிவு செய்தோம். சாமிகள் வரிசையாக வந்து கடலில் இறங்கும் காட்சி ஒவ்வொருவர் கோணத்திலும் ஒவ்வொரு விதமாக அமைந்திருக்கிறது. பெரும்பாலும் 4கே தரத்தில் எடுத்ததால், எல்லாவற்றையும் என் கணினியில் சேர்த்தபோது 400 ஜிபி அளவுக்கு வந்துவிட்டது. நண்பர்களில் ஒருவர் புதுச்சேரியிலும், ஒருவர் பெங்களூரிலும், ஒருவர் பாரிசிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே படத்தொகுப்பு செய்ய விரும்புவதால் மூலத்தின் தரம் குறையக் கூடாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தெளிவு போய்விடுகிறது. கூகுள் டிரைவில் இலவச இடம் 15 ஜிபிதான். அதிலும் மின்னஞ்சலும் படங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. என் இணைப்பின் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 20 மெகாபிட். நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

சுண்ணாம்பாறு (புதுச்சேரி):

அந்த வேகத்தில் 400 ஜிபியை ஒருமுறை ஏற்றவே, இடைவெளியின்றி ஓடினாலும், ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். ஆகவே முழுவதையும் இணையத்தில் ஏற்றும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. புதுச்சேரி நண்பருக்கு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து நேரில் கொடுத்துவிடுங்கள், யுஎஸ்பி 3.0 இணைப்பில் விநாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால், நகலெடுக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிக்கும். டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்; ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது.

தொலைவில் இருப்பவர்களுக்கு பிராக்சி எனப்படும் இலேசான பிரதிகளை முதலில் அனுப்பலாம். உங்கள் கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிந்திருந்தால், ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் 720பி அளவுக்கும் 2 மெகாபிட் வீதத்துக்கும் குறைக்கும்போது, மொத்தமும் ஐம்பதில் ஒரு பங்காக, அதாவது 8 ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடும். அதை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடலாம். டிரைவில் இடமிருந்தால் அங்கேயே வைக்கலாம். நண்பர்கள் அதை வைத்துத் தொகுத்த பிறகு, தாங்கள் பயன்படுத்திய துண்டுகளின் மூலத்தை மட்டும் உங்களிடம் கேட்டு வாங்கி இணைத்துக்கொள்வார்கள். கோப்பின் பெயரையும் பிரேம் வேகத்தையும் (விநாடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பது) மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவை மாறினால் மூலத்தோடு பொருத்துவது பெரும்பாடாகிவிடும்.

உப்பங்கழி (பரங்கிப்பேட்டை):

பிராக்சி யோசனை மிகச் சரியானது. ஆனால் இணையவழியை முழுவதுமாக ஒதுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சின்க்திங் என்ற இலவச மென்பொருள், நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பிடமும் இல்லாமல், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மறைகுறியாக்கிக் கோப்புகளை அனுப்புகிறது. மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நண்பர்கள் தங்களுக்குள்ளும் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டால், பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்த பகுதியைப் பாரிஸ் நண்பர் அங்கிருந்தே பெற்றுக்கொள்ளலாம். எல்லாச் சுமையும் உங்கள் இணைப்பின் மேல் விழாது. உங்கள் கோப்புறையை ‘அனுப்ப மட்டும்’ என்றும், அவர்களுடையதை ‘பெற மட்டும்’ என்றும் அமைப்பது முக்கியம். இல்லையென்றால் ஒருவர் தெரியாமல் அழித்தது எல்லோரிடமும் அழிந்துவிடும். உங்கள் திட்டத்தில் மாத டேட்டா வரம்பு இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

கெடிலக்கரை (கடலூர்):

இருவருக்கும் மிக்க நன்றி. புதுச்சேரிக்கு டிஸ்க், மற்ற இருவருக்கும் முதலில் பிராக்சி, பிறகு அவர்கள் கேட்கும் மூலத் துண்டுகள் சின்க்திங் வழியாக என்று முடிவு செய்திருக்கிறேன். மெமரி கார்டுகளை இப்போது அழித்துவிடலாமா?

சுண்ணாம்பாறு (புதுச்சேரி):

வேண்டாம். இரண்டு வேறு டிஸ்க்குகளில் நகல் சேர்ந்து, அவை மூலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறியீடு) கொண்டு சரிபார்க்கும்வரை கார்டுகளைத் தொடாதீர்கள். அந்த இரண்டு டிஸ்க்குகளும் ஒரே வீட்டில் இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. புதுச்சேரி நண்பரிடம் கொடுப்பதே அதில் ஒன்றாக இருக்கட்டும்.